கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்

பி.காம் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஞாபகம் இருக்கும். ஒரு கம்பெனி பத்து லட்சத்துக்கு ஒரு கல்குவாரி வாங்குகிறது. அதில் இரண்டு லட்சம் டன் கல் இருப்பதாக மதிப்பீடு. முதல் வருடம் 20,000 டன் வெட்டுகிறார்கள். தேய்மானம் எவ்வளவு? டன்னுக்கு ஐந்து ரூபாய் வீதம் ஒரு லட்சம். கணக்கு முடிந்தது, மார்க்கும் வந்துவிட்டது.

தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த என் நண்பன் இதை 'வெறுமையாதல் முறை' என்பான். பெயர் பொருத்தம்தான். வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது அவன் எழுந்து, "சார், கடைசியில அந்தக் குழியை யார் மூடுவாங்க? அந்தச் செலவு எந்தக் கணக்குல வரும்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. இப்போ அதுக்கு ஒதுக்கீடு காட்டணும்னு கணக்கியல் தரம் இருக்கு, பின்னாடி வரும். ஆனா ரொம்ப காலம் அந்தச் செலவுக்குக் கணக்குப் புத்தகத்துல இடமே இல்லாம இருந்தது" என்றார்.

அந்த 'ரொம்ப காலம்' என் மண்டையில் உட்கார்ந்துவிட்டது. திறந்தவெளிச் சுரங்கங்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நெய்வேலியைப் பற்றி எழுதலாமே என்று கேட்பீர்கள். எழுத வேண்டும், ஆனால் அதற்குத் தனிப் பதிவு வேண்டும். இந்தப் பதிவு ஒரு குவாரிக் கணக்கு ஒரு முழு நாட்டின் மேல் போடப்பட்ட கதை. அந்த நாட்டின் பெயர் நவூரு.

பசிபிக் பெருங்கடலில், பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் தனித் தீவு. பரப்பளவு 21 சதுர கிலோமீட்டர். சைக்கிளில் கிளம்பினால் இரண்டு மணி நேரத்துக்குள் நாட்டையே சுற்றிவிட்டுத் திரும்பிவிடலாம். கடலோரமாக ஒரு குறுகிய பசுமையான வளையம், அதற்குள் மேடான ஒரு பீடபூமி. இந்த மேட்டை அங்கே 'டாப்சைட்' என்றே சொல்கிறார்கள். 1798-இல் அந்த வழியாகப் போன ஜான் ஃபெர்ன் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் அதற்கு 'இனிய தீவு' என்று பெயர் வைத்தார். பன்னிரண்டு குலங்கள், தாய்வழிச் சமூகம், தென்னை, தாழை இனத்துப் பழம், மீன், கடற்பறவை ஆகியவைதான் சாப்பாடு.

டாப்சைட் காட்டில் அதிகம் இருந்த மரம் எது தெரியுமா? 'டொமானோ' என்று நவூரு மக்கள் சொல்லும் மரம், நம்முடைய புன்னை. அதே தாவரம்தான். நம் நெய்தல் திணையில் தலைவி சாய்ந்து நிற்கும் அந்தப் புன்னை, அத்தனை ஆயிரம் மைல் தள்ளி ஒரு தீவின் தலையில் காடாக நின்றது. 'நாடி' என்ற கறுப்புக் கடற்பறவைகள் அதில் கூடு கட்டின. அந்தக் காட்டுக்கு அடியில்தான் வினை இருந்தது.

1888-இல் ஜெர்மனி இந்தத் தீவைத் தன் ஆட்சிக்குள் எடுத்துக்கொண்டது. கொப்பரை வியாபாரத்தைத் தவிர அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த காட்சி ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரத்தில், பசிபிக் தீவுகளில் வியாபாரம் செய்துவந்த ஒரு கம்பெனியின் அலுவலகம். நவூருவிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரு கல் அங்கே கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுக்கப்பட்டுக் கிடந்தது. கல்லாகிப்போன மரத்துண்டு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1900-ஐ ஒட்டிய மாதங்களில், ஆல்பர்ட் எல்லிஸ் என்ற ஊழியருக்குச் சந்தேகம் வந்து அதைப் பரிசோதித்துப் பார்த்தார். உயர்ரகப் பாஸ்பேட்!

பாஸ்பேட் என்றால் என்ன என்று கிராமத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் சித்தப்பா கடலைக்கு அடியுரமாகப் போடும் சூப்பர் பாஸ்பேட் மூட்டைக்கு மூலப்பொருள் இந்தப் பாறைதான். பாறையை அரைத்துக் கந்தக அமிலத்தோடு சேர்த்தால் பயிர் உறிஞ்சக்கூடிய உரம் கிடைக்கும். (சித்தப்பாவின் மூட்டைக்கு நவூரு காரணம் இல்லை. நமக்கு ராஜஸ்தானிலும் கொஞ்சம் இருக்கிறது; மீதிக்கு மொராக்கோ, ஜோர்டான் மாதிரி நாடுகளை நம்பியிருக்கிறோம்.) ஆஸ்திரேலியாவின் மண் பாஸ்பரஸ் இல்லாத சத்தற்ற மண். நியூசிலாந்தின் மேய்ச்சல் நிலங்களுக்கும் இது தேவை. ஆடும் கோதுமையும் ஏற்றுமதி செய்து வாழ்ந்த இரண்டு நாடுகளுக்கு, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தீவு முழுக்க உரம்.

1906-இல் தோண்ட ஆரம்பித்தார்கள். ஜெர்மனியிடம் உரிமை வாங்கிய பிரிட்டிஷ் கம்பெனி, நிலத்துக்குச் சொந்தக்காரரான நவூருக்காரருக்கு ஆரம்பத்தில் கொடுத்தது டன்னுக்கு அரை பென்னி. தோண்டும் வேலைக்குச் சீனாவிலிருந்தும் அக்கம்பக்கத்துத் தீவுகளிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நவூருச் சுரங்கம் நாம் நினைக்கிற மாதிரி பெரிய பள்ளம் இல்லை. அந்த மேட்டின் அடித்தளம் பழைய பவளப்பாறை. யுகயுகமாக மழையில் கரைந்து, ஊசி ஊசியாக நிற்கும் சுண்ணாம்புத் தூண்கள். பாஸ்பேட் அந்தத் தூண்களுக்கு நடுவே, பல்லிடுக்கில் சிக்கிய மாதிரி நிறைந்து கிடந்தது. முதலில் மரத்தை வெட்டு, மேல்மண்ணைச் சுரண்டித் தள்ளு, பிறகு தூண்களின் இடுக்கிலிருந்து பாஸ்பேட்டை வழித்து எடு. முதலில் மண்வெட்டி, பிறகு இயந்திரக் கைகள். எடுத்து முடித்தால் மிச்சம் நிற்பது தூண்கள் மட்டும். சில இடங்களில் 10 மீட்டருக்கும் மேல் உயரம், சாம்பல் வெள்ளை நிறம், கூர்மையான முனைகள். நடக்க முடியாது. வீடு கட்ட முடியாது. விதை போட மண் கிடையாது. படங்களைப் பார்த்தபோது எனக்குக் கூரை எரிந்து தூண்கள் மட்டும் மிஞ்சிய ஆயிரங்கால் மண்டபம் ஞாபகத்துக்கு வந்தது.

முதல் உலகப்போர் தொடங்கியதும் 1914-இல் ஆஸ்திரேலியப் படை நவூருவைப் பிடித்தது. 1919-இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் ஓர் ஒப்பந்தம் போட்டு, பழைய கம்பெனியைச் சுமார் 35 லட்சம் பவுனுக்கு வாங்கி, 'பிரிட்டிஷ் பாஸ்பேட் கமிஷனர்கள்' என்ற அமைப்பை உண்டாக்கின. பங்கு முறையே 42, 42, 16 சதவீதம். அடுத்த வருடமே சர்வதேச சங்கம் நவூருவைப் பாதுகாக்கும் பொறுப்பை இதே மூன்று பேரிடம் ஒப்படைத்தது. வாங்குகிறவன், விற்கிறவன், காவல்காரன் மூன்றும் ஒரே ஆள்.

என் மாதிரி காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கமிஷனர்கள் பாஸ்பேட்டை மூன்று நாட்டு விவசாயிகளுக்கும் கிட்டத்தட்ட அடக்க விலைக்கே கொடுத்தார்கள். லாபம் இல்லை, ஆகவே சுரண்டலும் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் லாபம் எங்கேயும் போய்விடவில்லை. கமிஷனர்களின் புத்தகத்தில் காட்டப்படாமல், ஆஸ்திரேலியப் பண்ணைகளின் புத்தகத்தில் விளைச்சலாகவும் ஆட்டு ரோமமாகவும் ஏறியது. உலகச் சந்தை விலை கிடைத்திருந்தால் நவூருவுக்கு வந்திருக்க வேண்டிய தொகை, மலிவு உரமாக வேறு நாட்டு மண்ணில் தூவப்பட்டது. அந்த 'அடக்க விலை'யில் தூண்களை அகற்றும் செலவு இல்லை, மண் கொட்டும் செலவு இல்லை, மரம் நடும் செலவு இல்லை. அதெல்லாம் இல்லாததால்தான் அது அடக்கமாக இருந்தது.

இரண்டாம் உலகப்போரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1942-இல் ஜப்பான் தீவைப் பிடித்தது. 1943-இல் நவூருக்காரர் சுமார் 1,200 பேரை டிரக் தீவுகளுக்கு வேலைக்கு நாடு கடத்தியது. 1946 ஜனவரி 31 அன்று ஊர் திரும்பியவர்கள் 737 பேர். போர் முடிந்ததும் ஐ.நா. அதே மூன்று நாடுகளிடம் தீவை மறுபடி ஒப்படைக்க, தோண்டுதல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

ஐம்பதுகளின் கடைசியில் ஓர் உண்மை எல்லோருக்கும் தெரிய ஆரம்பித்தது: இந்த வேகத்தில் போனால் இந்த நூற்றாண்டு முடிவதற்குள் தீவில் வாழ இடம் இருக்காது. அதற்கு ஆட்சியாளர்கள் கண்டுபிடித்த தீர்வு, தோண்டுவதைக் குறைப்பதோ மண்ணைத் திருப்பிக் கொட்டுவதோ இல்லை. மக்களை இடம் மாற்றுவது! குவீன்ஸ்லாந்துக் கரையோரம் இருக்கும் கர்ட்டிஸ் தீவில் குடியேறுங்கள் என்றார்கள். போகிறோம், ஆனால் அங்கே எங்களை நாங்களே ஆண்டுகொள்ள வேண்டும் என்று கேட்டார் ஹாமர் டெரோபர்ட், நவூருவின் தலைமைத் தலைவர். ஆஸ்திரேலியா மறுத்தது. 1964-இல் அந்தப் பேச்சு முடிந்தது.

அதே டெரோபர்ட் 1967-இல் பாஸ்பேட் தொழிலையே 2 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு விலை பேசினார். தங்கள் காலடி மண்ணைத் தாங்களே காசு கொடுத்து வாங்கினார்கள். 1968 ஜனவரி 31, போரிலிருந்து திரும்பிய அதே நாளில், நவூரு சுதந்திர நாடானது. 1970-இல் சுரங்கம் முழுசாகக் கைக்கு வந்தது.

இதுவரை கதை சுலபம். வெள்ளைக்காரன் கெட்டவன், தீவுக்காரன் பாவம் என்று முடித்துவிடலாம். ஆனால் கஷ்டமான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. சுதந்திரத்துக்கு முன்பு தோண்டப்பட்டது பாஸ்பேட் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மீதியில் பெரும்பகுதியைத் தோண்டியது சுதந்திர நவூரு.

1974-இல் மொராக்கோ விலையை ஏற்ற, உலகச் சந்தையில் பாஸ்பேட் விலை நான்கு மடங்கு எகிறியது. நவூரு ஆள் வீத வருமானத்தில் உலகின் பணக்கார நாடுகளோடு போட்டி போட்டது. வருமான வரி இல்லை, படிப்பும் மருத்துவமும் இலவசம். மெல்போர்னில் 1977-இல் 52 மாடிக் கட்டடம் ஒன்றைக் கட்டினார்கள். சொந்த விமான கம்பெனி, போயிங் விமானங்கள். பாஸ்பேட் தீர்ந்த பிறகு சாப்பிடுவதற்கென்று ஓர் அறக்கட்டளை நிதியும் இருந்தது. யோசனை சரியானதுதான். நிர்வாகம்தான் சரியில்லை. 1993-இல் லண்டனில் லியொனார்டோ டாவின்சியைப் பற்றிய ஓர் இசை நாடகத்தில் நாட்டுப் பணம் சுமார் 20 லட்சம் பவுன் போடப்பட்டது. நாடகம் சில வாரங்களில் படுத்துவிட்டது.

இந்த இடத்தில் வரும் ஜோக்குகளை நீங்களும் படித்திருப்பீர்கள்: ரோடே இல்லாத தீவில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார்கள் என்ற வகை. அதில் எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. காரணம் ஒரு பழைய வழக்கு. கம்பெனிச் சட்டப் பாடத்தில் வரும்: லீ எதிர் நூஷாடெல் ஆஸ்பால்ட் கம்பெனி, 1889. சுவிட்சர்லாந்தில் தார்ப்பாறை வெட்டும் உரிமை வைத்திருந்த கம்பெனி, அந்தச் சுரங்கம் தீர்ந்துகொண்டே வருவதற்கு எதையும் ஒதுக்காமல் டிவிடெண்ட் கொடுக்கலாமா என்பது கேள்வி. கொடுக்கலாம் என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வற்றும் சொத்தை வற்றவிட்டே பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம், சட்டம் தடுக்காது. ஜெர்மனி நவூருவில் கொடி ஏற்றியதற்கு மறுவருடம் வந்த தீர்ப்பு. எழுபதுகளில் நவூரு செய்தது இதைத்தான்: மூலதனத்தை வருமானம் என்று நினைத்துச் செலவு செய்தது. பங்குதாரர்கள் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விடலாம். நவூருக்காரர் எங்கே போவார்? அவர்கள் பங்குதாரர் மட்டும் இல்லையே, குவாரிக்குள்ளேயே குடியிருப்பவர்கள்.

இனி நம் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வருகிறார். 1986-இல் நவூரு அரசு, தோண்டிப் பாழாக்கிய நிலத்தைச் சீரமைக்கும் பொறுப்பு யாருடையது என்று ஆராய ஒரு விசாரணைக் குழு அமைத்தது. அதன் தலைவர் இலங்கையின் முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி சி.ஜி. வீரமந்திரி. குழு பல தொகுதிகள் கொண்ட அறிக்கை கொடுத்தது: பாதுகாவலராக இருந்துகொண்டு தோண்டிய மூன்று அரசுகளும் தங்கள் காலத்துச் சேதத்துக்குப் பொறுப்பு. 1989-இல் நவூரு, ஆஸ்திரேலியாவை ஹேக் நகரத்தில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. இருபத்தொரு சதுர கிலோமீட்டர் நாடு ஒரு கண்டத்தின் மேல் வழக்குப் போட்டது! தாமதமாக வந்த வழக்கு, மற்ற இரண்டு நாடுகள் இல்லாமல் எங்களை மட்டும் கேட்கக்கூடாது என்றெல்லாம் ஆஸ்திரேலியா சொன்ன ஆட்சேபங்களில் பெரும்பாலானவற்றை நீதிமன்றம் 1992-இல் தள்ளிவிட்டது.

முழு விசாரணை நடந்து தீர்ப்பு வந்திருந்தால் உலகத்துக்கே ஒரு முன்னுதாரணம் கிடைத்திருக்கும். வரவில்லை. 1993 ஆகஸ்டில் சமரசம் ஆனது: 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். அதில் பாதிக்கு மேல் ரொக்கம், மீதி 5 கோடி இருபது வருடத் தவணையில். பிரிட்டனும் நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவுக்குத் தங்கள் பங்காகத் தலா 1 கோடியே 20 லட்சம் கொடுத்தன. நவூருவின் கோணத்தில் நியாயமாகப் பார்த்தால் இது வெற்றிதான். பக்கத்துத் தீவான பனாபாவின் மக்கள் லண்டன் நீதிமன்றத்தில் இதே மாதிரி வழக்கு நடத்தி, மரம் திருப்பி நடவில்லை என்ற குற்றத்துக்குச் சொற்பத் தொகைதான் வாங்க முடிந்தது. அதற்குள் அவர்களில் பெரும்பாலோர் 1945-லேயே ஃபிஜியின் ஒரு தீவுக்கு மாற்றப்பட்டும் விட்டார்கள்.

பணம் வந்தது, புன்னைக்காடு வந்ததா? சீரமைப்பு அங்கங்கே சிறு துண்டுகளில் நடந்தது. தீவின் சுமார் 80 சதவீதம் சுரங்கத்தால் சிதைந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வெறும் பாறை வெயிலில் கொதிக்கிறது. ஆறு கிடையாது, நிலத்தடி நல்ல தண்ணீர் மெல்லிய படலம்தான். மழையையும் கடல்நீரைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தையும் நம்பி இருக்கிறார்கள். பாஸ்பேட்டை உலர்த்தும்போது எழுந்த தூசு வருடக்கணக்கில் வீடுகள் மேல் படிந்தது. அந்தப் பாறையில் காட்மியமும் உண்டு. பறவைகளுக்கு மரம் குறைந்தது. தாழம்பழமும் தேங்காயும் விளைந்த மண் போனதால் அரிசி, மாவு, டின் இறைச்சி எல்லாம் கப்பலில் வருகின்றன. நவூருவில் சர்க்கரை நோய் அதிகம் என்று படிக்கும்போது அவர்கள் உணவுப் பழக்கத்தைக் குறை சொல்கிறார்கள். தோட்டம் போட இடம் இல்லாத ஊரில் பழக்கம் எங்கிருந்து வரும்?

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் நாடு திவாலின் விளிம்புக்கு வந்தது. அரசு வங்கி நொடித்தது. 2004-இல் மெல்போர்ன் கட்டடம் கடனுக்குப் போனது. 2005 டிசம்பரில் விமான கம்பெனியின் ஒரே விமானத்தையும் கடன்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பாஸ்பேட் இல்லாத நவூருவிடம் விற்க என்ன இருக்கிறது? இடம். ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வரும் அகதிகளை அடைத்து வைக்க 2001-இல் நவூருவில் முகாம் திறந்தார்கள். 2007-இல் அங்கே கொண்டுபோகப்பட்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்ட இலங்கையர் இருந்தார்கள், பெரும்பாலும் தமிழர்கள். முகாம் 2008-இல் மூடி, 2012-இல் மறுபடி திறந்தது. 2025-இல் ஆஸ்திரேலியா, தான் வைத்துக்கொள்ள விரும்பாத ஒரு பிரிவினரை நவூருவில் குடியேற்ற ஒப்பந்தம் போட்டது. தொடக்கத் தொகையே 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். தீவைத் தோண்டியதற்குக் கொடுத்த 10 கோடியே 70 லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பணவீக்கத்தைக் கழித்துவிட்டு ஒப்பிட்டாலும் எனக்குக் கோபம் குறையவில்லை.

இன்று நவூருவில் சுமார் 12,000 பேர் இருக்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் அந்தக் குறுகிய கடலோர வளையத்தில். கடல் மட்டம் உயர்கிறது. மற்ற பவளத்தீவு நாடுகளுக்கு ஏறி நிற்க மேடு கிடையாது. நவூருவுக்கு மேடு இருக்கிறது, அதில் தூண்கள் நிற்கின்றன. மக்களில் பத்தில் ஒன்பது பேரை டாப்சைட்டுக்கு மாற்ற வேண்டும் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். தூண்களை உடைத்துச் சமப்படுத்தி, மண் கொட்டி, வீடு கட்டி, தண்ணீர் கொண்டுபோக வேண்டும். நூறு வருடத்துக்கு முன்பு அடக்க விலையில் சேர்க்காமல் விட்ட அதே செலவு.

அதற்குப் பணம் திரட்ட 2025 பிப்ரவரியில் குடியுரிமையை விற்கத் தொடங்கினார்கள்: 1,05,000 அமெரிக்க டாலர் கொடுத்தால் நவூரு பாஸ்போர்ட். இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள். பசிபிக்கின் ஆழ்கடல் தரையில் உருளைக்கிழங்கு மாதிரி கிடக்கும் உலோக உருண்டைகளை அள்ள நினைக்கும் கம்பெனி ஒன்றுக்கு நவூருதான் ஆதரவு நாடு. அதற்கான விதிகளை இரண்டே வருடத்தில் முடித்துக் கொடுங்கள் என்று 2021 ஜூனில் சர்வதேசக் கடல்தரை ஆணையத்துக்கு நெருக்கடி கொடுத்ததும் நவூருதான். கடலடியைக் கிளறினால் எத்தனை காலத்துக்கு அது ஆறாது என்று பயப்படும் விஞ்ஞானிகள் நிறைய பேர், அவர்கள் பக்கம்தான் நானும். ஆனால் அந்தத் தூண்களுக்கு நடுவே நின்றுகொண்டு "வேண்டாம்" என்று அவர்களிடம் சொல்லும் தகுதி யாருக்கு இருக்கிறது என்று யோசித்தால், ஆஸ்திரேலியாவுக்கோ பிரிட்டனுக்கோ நியூசிலாந்துக்கோ நிச்சயம் இல்லை.

நண்பனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். குவாரிக் கணக்கில் கடைசி வரியைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டான். போய்ப் பார்த்தேன். 'எறிமதிப்பு: இல்லை' என்று போட்டிருந்தது.